தாமே அளந்துகொள்ளும் படி

பதவியை விட்டிறங்கியவர் வறுமையில் வாடவேண்டும் என்று நாம் கூறவில்லை. செல்வர் மட்டுமே அரசியலுக்கு வரலாம் என்ற நிலை ஜனநாயகத்துக்கு ஒவ்வாதது. ஆயினும், பதவியிலிருப்போரின் ஊதியமும் வசதியும் உயருந்தோறும் இளைப்பாறிய அரசியல்வாதியின் பங்கும் தானாகவே உயருமாயின், அது மக்கள் பணத்தில் நடைபெறும் பரஸ்பர உபசாரமேயன்றி வேறன்று.

1986ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தை நோக்குவோம். இளைப்பாறிய ஜனாதிபதிக்கு உறைவிடம், செயலாளர் படி என்பவற்றோடு, அமைச்சர் ஒருவருக்கு அவ்வக்காலத்தில் அளிக்கப்படும் வாகனம் முதலிய வசதிகளையும் அது வழங்கிற்று. அமைச்சர்கள் தமக்கு ஒன்றைக் கூட்டிக்கொண்டால், சபையில் ஒரு வார்த்தையும் பேசப்படாமலே அவருக்கும் அது கூடிற்று. 2025 செப்டம்பரில் பாராளுமன்றம் 151 வாக்குகளால் அச்சட்டத்தை நீக்கியது. எதிர்த்து விழுந்த வாக்கு ஒன்றே. இதனை நாம் வரவேற்கிறோம். எனினும், அரசியலமைப்பின்படி ஜனாதிபதிக்குரிய ஓய்வூதியத்தை இந்நீக்கம் தொடவில்லை.

பாராளுமன்ற உறுப்பினருக்கோ, 1977ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஐந்தாண்டுச் சேவையுடனேயே ஓய்வூதிய உரிமையை அளித்தது. அரசாங்க ஊழியர் குறைந்தது பத்தாண்டு உழைத்தாக வேண்டும். முன்னர் இளைப்பாறிய ஆசிரியர், அதே தரத்தில் பின்னர் இளைப்பாறியவரிலும் குறைவாகப் பெறும் முரண்பாட்டை நீக்கும்படி ஆண்டுக்கணக்காகக் கேட்கவேண்டியிருந்தது. கமக்காரரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர்களுக்கென 1987இல் ஓய்வூதியத் திட்டம் பிறந்தது. தம் கைப்பணத்தைத் தவணையாகக் கட்டினர். நிதி வற்றியபோது கொடுப்பனவு நின்றது. அவர்களது ஓய்வூதியத்தை உயர்த்த எந்த அமைச்சரின் சம்பளமும் துணைவரவில்லை.

நாம் வேண்டுவன மூன்று. அரசியல்வாதிகளின் ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் சுயாதீன ஆணைக்குழு ஒன்றே நிர்ணயிக்க வேண்டும். அது விதிக்கும் எந்த உயர்வும் அடுத்த பாராளுமன்றத்துக்கே செல்லுபடியாக வேண்டும். பொதுப் பதவியொன்றின் சம்பளத்தைப் பெறுபவருக்கு, முந்திய பதவியின் ஓய்வூதியம் அக்காலம் முழுவதும் நிறுத்தப்படல் வேண்டும்.

தமிழ்ப் பிரதிநிதிகளும் தமக்குரியதை இழக்க நேரினும் இவற்றைச் சபையில் துணிந்து வற்புறுத்துவார்களாக. களத்துமேட்டில் நெல்லை அளப்பவன் வேறு, பெறுபவன் வேறு. திறைசேரியிலும் அதுவே முறையாகும்.