மின்சுற்றுப் பயில்வார்க்கு எளியதோர் கருவி

விளையாட்டாக மின்சுற்று அமைத்துப் பார்க்கும் விருப்பம் இக்காலத்து மாணவர் பலர்க்கும் உண்டு. பௌதிக வகுப்பினர்க்கு ஆய்வுக்கூடம் இருக்கின்றது. எம்மைப்போல் இலக்கியம் பயில்வார்க்கு அதன் வாயில் திறப்பதில்லை. கடைக்குச் சென்று மின்தடையும் மின்தேக்கியும் டிரான்சிஸ்டரும் வாங்கலாமெனின், எது எத்துணை வேண்டுமென்று அறியுமுன்னரே கைப்பொருள் கரைகின்றது. இந்நிலையில், சுற்றைத் திரையில் வரைந்தவுடன் அஃது இயங்குமாற்றைக் கணித்துக் காட்டும் போலிமைக் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரியதோர் உதவியாம். ஆயின் அவை பல. அவற்றுள் முதலிற் கைக்கொள்ளத்தக்கது யாது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

இவ்வகைக் கருவிகள் பலவற்றுக்கும் மூதாதையாய் நிற்பது ஸ்பைஸ். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டொனால்டு பெடர்சனின் மேற்பார்வையில் லாரன்ஸ் நேகல் என்பார் இயற்ற, 1973-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் வழிவந்த எல்டிஸ்பைஸ் இன்றும் பொறியாளர் போற்றுவது. எனினும் தொடக்கநிலையினர் கையில் அதனைக் கொடுத்தல், அரிச்சுவடி பயிலும் சிறுவனுக்குத் தொல்காப்பியத்தை உரையோடு கொடுத்தலை ஒக்கும்.

எமது கருத்தில் முதலிடம் பெறத்தக்கது பால் ஃபால்ஸ்டட் என்பார் இயற்றிய கருவியே. ஜாவா மொழியில் அவர் அமைத்த அதனை இயன் ஷார்ப் என்பார் பின்னர் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றினார். ஆதலின் இன்று உலாவி ஒன்றிருப்பின் அது திறக்கும். பெயர் பதிய வேண்டுவதில்லை, பணமும் வேண்டுவதில்லை. கண்ணுக்குப் புலனாகாத மின்னோட்டத்தைப் புலப்படுத்துவது அதன் தனிச்சிறப்பு. கம்பிகளில் மஞ்சட் புள்ளிகள் ஊர்கின்றன. ஓட்டம் மிகின் விரைகின்றன, குறையின் தளர்கின்றன. மின்னழுத்தம் நேராயின் கம்பி பச்சையாகவும், எதிராயின் சிவப்பாகவும் நிறம் மாறுகின்றது. 9 வோல்ட்டு மின்கலத்தோடு 10,000 ஓம் மின்தடையையும் 100 மைக்ரோஃபாரடு மின்தேக்கியையும் தொடராக இணைத்து ஆளியை மூடிப் பார்க்க. முதலில் விரையும் புள்ளிகள், மின்தேக்கி நிரம்ப நிரம்ப நடை தளரும். ஒரு நொடியில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 5.7 வோல்ட்டை எட்டும். ஐந்தாம் நொடியிற் புள்ளிகள் நின்றவை போலவே ஆகும். மின்தடையை இருமடங்காக்கின் காலமும் இருமடங்காம். பல பக்கம் படித்தும் மனத்திற் பதியாத இவ்வுண்மை அங்கு ஒருமுறை கண்டவளவில் விளங்குகின்றது. (புள்ளிகள் ஊர்வது மரபாகக் கொள்ளும் மின்னோட்டத் திசையில், எலக்ட்ரான்கள் செல்வது அதற்கு எதிராக என்பதை நினைவிற் கொள்க.)

ஆட்டோடெஸ்க் நிறுவனத்தாரின் டிங்கர்கேட் வேறு வகைத்து. பிரெட்போர்டும், நிறப்பட்டையிட்ட மின்தடைகளும், ஆர்டுயினோப் பலகையும் கடையிற் காண்பவாறே அங்குத் தோன்றும். எல்.இ.டி. விளக்கை மின்தடையின்றி 9 வோல்ட்டு மின்கலத்தோடு இணைப்பின், அது வெடித்ததாகக் குறி காட்டும். ஃபால்ஸ்டட் கருவியிலோ அவ்விளக்கு எத்துணை மின்னோட்டம் பாயினும் அழிவதில்லை. இஃது அதன் குறையே. எனினும், சிவப்பு எல்.இ.டி. ஏறத்தாழ 2 வோல்ட்டுக் கொள்ள, எஞ்சிய 7 வோல்ட்டை 470 ஓம் மின்தடை ஏற்று ஓட்டத்தை 15 மில்லி ஆம்பியர் அளவில் அடக்கும் என்னும் கணக்கைத் தாமே போட்டறிந்தார்க்கு அதனாற் கேடில்லை. ஓட்டத்தின் இயல்பை முன்னதிற் பயின்று, உறுப்புக்களைப் பொருத்துமாற்றைப் பின்னதிற் பயில்க என்போம்.

நிற்க. திரையிற் கற்பது கற்பாகாது, பற்றவைக்கும் ஈயத்தின் புகையை நுகர்ந்தவனே சுற்றறிவான் என்று கூறுவாரும் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. திரையிலுள்ள மின்தேக்கி குறித்த அளவினின்று அணுவும் பிறழாது. கடையில் வாங்கும் மின்பகுபொருள் மின்தேக்கியோ 20 விழுக்காடு கூடியும் குறைந்தும் இருக்கலாம். இதினும் வியப்பொன்றுண்டு. இரண்டு டிரான்சிஸ்டர்களால் விளக்குகளை மாறி மாறி மின்னச் செய்யும் சுற்றினை இரு பாதியும் எள்ளளவும் வேறுபடாமல் வரையின், கணக்கிலே எப்பாதியும் முந்தாமல் அஃது அசைவற்று நின்றுவிடுவதுண்டு. வேண்டுமென்றே ஒரு பக்கத்துச் சிறு வேறுபாடு புகுத்தினாலன்றித் தொடங்காது. மேசைமீது அமைத்த சுற்றில் எவ்விரண்டு டிரான்சிஸ்டரும் முற்றும் ஒத்திரா. ஆதலின் மின்சாரம் பாய்ந்தவுடன் தானே மின்னத் தொடங்கும். இதனைத் திரை மட்டுமே கண்டாரும் அறியார். மேசை மட்டுமே கண்டாரும் வியவார்.

ஆதலின் கல்லூரியார்க்கு எம் வேண்டுகோள் ஒன்று. வாரத்தில் ஒரு மாலை பௌதிக ஆய்வுக்கூடத்தைக் கலைப்பிரிவு மாணவர்க்கும் திறந்துவிடுக. தாம் அமைக்க விழையும் சுற்றினைத் திரையில் இயக்கிக் காட்டினாரை மட்டும் உள்ளே விடலாம். ஒரு பிரெட்போர்டும், ஒரு மின்கலமும், கைப்பிடியளவு மின்தடைகளும் எமக்குப் போதும்.