பாட்டுக்கு உண்டு பலம்

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. பாதரசத்தால் உடல்நலம் கெட்டதென்று தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாடல் அந்தப் போராட்டத்தை உலகறியச் செய்தது. மறு ஆண்டே 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஆலையை நடத்திய இந்துஸ்தான் யுனிலீவர் உடன்பாட்டுக்கு வந்தது.

நம் மாவட்டம் கண்ட பாட்டின் இந்தப் பலம் ரெட்டியார்சத்திரம் திருவிழா மேடைகளுக்கும் உண்டு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 முதல் தடை இருந்தும், கச்சேரி முடிந்த திடல்களில் கப்புகளும் தண்ணீர் பாக்கெட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. மழை பெய்தால் அவை ஓடை வழியே குளத்தில் போய்ச் சேரும். அதிகாரி சொல்லிக் கேட்காத கூட்டம், பாடகர் மைக்கில் சொன்னால் கேட்கும். குப்பை போடாதீர்கள் என்று மேடையில் சொல்லும்படி விழாக் கமிட்டிகள் கலைஞர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். விசிலடிக்கும் இளைஞர்களே திடலைச் சுத்தம் செய்யவும் முன்வர வேண்டும்.