கூடை நிறைந்தால் ஆறு நிறைந்ததாகாது

புதுச்சேரியின் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் கூடை கூடையாக மீன் இறங்குகிறது, 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் இருக்கிறது, பிறகெதற்கு மீன்வளக் கணக்கெடுப்பு என்று சிலர் கேட்கிறார்கள். இந்த வாதம் அடிப்படையிலேயே பிழையானது.

இறங்கும் மீன் வேறு, இருக்கும் மீன் வேறு. கூடுதல் நேரம், குறுகிய வலைக்கண்ணி, நீண்ட தூரம் என்று உழைப்பைக் கூட்டினால், வளம் சரியும்போதும் கூடை நிறையும். ஒரு மணி நேர வலைவீச்சுக்கு எவ்வளவு கிடைத்தது என்பதே உண்மையான கேள்வி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடை, கடலில் விசைப்படகுகளுக்கானது. இறால் குஞ்சுகள் வளரும் அரியாங்குப்பம் ஆற்றையும் சுண்ணாம்பாற்றுக் கழிமுகத்தையும் அது காக்காது. பிடிக்கும் மீனின் அளவும் முக்கியம். கொடுவாவைப் பாருங்கள்: பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன் அது. பெரியதையே தேடிப் பிடித்தால், முட்டையிடும் தாய்மீன்களைத்தான் அழிக்கிறோம்.

மீனின் நீளம், சினைநிலை, வலையின் கண்ணி, பிடித்த நேரம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு இறங்குதளத்திலும் பதியுங்கள். அந்தக் கணக்கை மீனவ பஞ்சாயத்துகளின் முன் வையுங்கள். கட்டுப்பாடுகளை அவர்களோடு சேர்ந்து முடிவுசெய்யுங்கள். கணக்கில்லாத மேலாண்மை வெறும் ஊகம். அதன் நட்டம் முதலில் சிறுமீனவர் தலையில்தான் விழும்.