தவளைத் தோட்டத்து ஒயின்

'டிரை' என்றால் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது இரண்டுதான். ஒன்று டிரை ஃப்ரூட்ஸ். இன்னொன்று டிரை டே. ஏதோ வெளிநாட்டுச் சமையல் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு என் அண்ணன் மகள் கேட்டாள்: "சித்தப்பா, பாட்டில்ல தளதளன்னு இருக்கு. அதைப் போய் டிரை ஒயின்னு சொல்றாங்களே, எப்படி?"

நியாயமான கேள்வி. திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. பாதியில் நிறுத்திவிட்டால் இனிப்பு மிஞ்சும். ஏறக்குறைய முழுவதையும் தின்று தீர்க்கவிட்டால், அதுதான் டிரை. இனிப்பு போய், எலுமிச்சை மாதிரி ஒரு புளிப்பு மட்டும் நாக்கில் நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

அவளுக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. எனக்குத்தான் அந்தப் பேச்சில் வேறொரு ஊர் நினைவுக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. (யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. இது ஒரு விவசாயச் சங்கத்தின் கதை. விளைபொருள் திராட்சை என்பதால் பாட்டிலில் முடிகிறது.)

ஊரின் பெயர் ஷாப்ளி. பாரிஸிலிருந்து தென்கிழக்கே சுமார் 180 கிலோமீட்டர். செரான் என்ற சிற்றாறு, இரண்டு பக்கமும் சுண்ணாம்புச் சரிவுகள், இரண்டாயிரத்துச் சொச்சம் மக்கள். ஷார்டனே என்ற ஒரே ரகத் திராட்சையிலிருந்து செய்யும் வெள்ளை ஒயினுக்குத்தான் ஊர்ப் பெயர். நல்ல டிரை வெள்ளை ஒயின் எது என்று கேட்டால், பலர் முதலில் சொல்லும் பெயர் அது.

பேர் பெற்ற ஊர், சோறு கண்டதா என்றால் நீண்ட காலம் இல்லை. ஒரு காலத்தில் பீப்பாய்கள் பக்கத்து ஓசேர் நகரம் வரை வண்டியில் போகும். அங்கிருந்து யோன் ஆற்றில் படகேறிப் பாரிஸ் சேரும். பிறகு ரயில் வந்தது. வெயில் கொட்டும் தெற்கு பிரான்ஸிலிருந்து மலிவான ஒயின் தலைநகரில் வந்து இறங்கியது. அந்த அடி ஆறுவதற்குள், 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி கொடிகளின் வேரைத் தின்று தீர்த்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டித்தான் தோட்டத்தை மீட்க முடிந்தது. அதன்பின் முதல் உலகப் போர். போன இளைஞர்களில் பலர் திரும்பவில்லை.

மிஞ்சியவர்கள் சிறு விவசாயிகள். கையில் துண்டு நிலம், வீட்டு நிலவறையில் நாலைந்து பீப்பாய். வாங்க வரும் வியாபாரிக்கு அவசரம் கிடையாது, விற்கிறவனுக்கு இருந்தது. இப்படிப்பட்ட பேரத்தில் விலையை யார் சொல்வார்கள் என்பதை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1923-ல் பாலித்ரான் என்ற பாதிரியார் முன்னின்று இவர்களை ஒன்று சேர்த்தார். அப்படிப் பிறந்த கூட்டுறவுச் சங்கம்தான் 'லா ஷாப்ளிசியேன்'. முதலில் அவரவர் வீட்டில் செய்த ஒயினைச் சங்கம் சேர்த்து விற்றுக் கொடுத்தது. 1950-களில் ஏற்பாடு மாறியது. விவசாயி திராட்சையைப் பறித்து, பிழிந்து, சாறாகக் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போகலாம். ஒயினாக்குவது, பாட்டிலில் அடைப்பது, விற்பது எல்லாம் சங்கத்தின் பொறுப்பு. இன்று சுமார் 300 குடும்பங்கள் இதில் உறுப்பினர்கள். ஷாப்ளியில் உருவாகும் ஒயினில் ஏறக்குறைய கால்வாசி இவர்களுடையது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். பால் சங்கத்துக் கேனில் தண்ணீர் கலந்து ஊற்றுகிறவரைப் பற்றி நாம் கேள்விப்படாததா? உயிரைக் கொடுத்துக் கொடி வளர்த்தவர் சாறும், ஏனோதானோ என்று வளர்த்தவர் சாறும் ஒரே தொட்டியில் விழுந்தால் என்ன ஆகும்? பிரான்ஸில் கூட்டுறவு ஒயின் என்றாலே பலர் உதட்டைப் பிதுக்கியதற்கு இதுதான் காரணம். பல சங்கங்கள் அந்தப் பெயருக்குத் தகுதியாகவே நடந்துகொண்டன என்றும் சொல்ல வேண்டும். ஷாப்ளிக்காரர்கள் தோட்டம் வாரியாகச் சாற்றைத் தனித்தனியே வைத்தார்கள். பெட்டி ஷாப்ளி, ஷாப்ளி, பிரமியே க்ரூ, கிரான் க்ரூ என்று அங்கே நாலு தரம் உண்டு. ஒன்றை இன்னொன்றோடு கலக்கவிடாமல், உயர்ந்த தோட்டங்களுக்கு அவற்றின் பெயரிலேயே பாட்டில் போட்டார்கள். உதடு பிதுக்கியவர்களும் கூட்டுறவு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று உதாரணம் காட்டுவது இப்போது இந்தச் சங்கத்தைத்தான்.

ஆனாலும் இந்தச் சங்கத்தின் அருமை தெரிவது அறுவடையில் இல்லை. ஏப்ரல் மாத ராத்திரிகளில்தான்.

ஏப்ரலில் கொடி துளிர்விடும். அந்த நேரம் பார்த்து ஆற்றுப் பள்ளத்தாக்கில் குளிர் இறங்கும். பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி போனால் போதும், விடியும்போது துளிர்கள் கருகியிருக்கும். அந்த வருட விளைச்சல் ஒரே ராத்திரியில் போய்விடும். 1950-களில் இப்படி அடி மேல் அடி. ஷாப்ளியின் மொத்தத் தோட்டமும் 500 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. (இன்று 5,800 ஹெக்டேருக்குப் பக்கம்.)

அதனால் நள்ளிரவில் அலாரம் அடித்தால் ஊரே எழுந்து தோட்டத்துக்கு ஓடும். வரிசை வரிசையாக எண்ணெய் அடுப்பு எரிப்பார்கள். அல்லது வாளி மாதிரித் தகரத்தில் ஊற்றிய மெழுகுவத்திகள், ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில். புகைப்படத்தில் பார்த்தால் கார்த்திகை தீபம் மாதிரி அழகாக இருக்கும். ஏற்றுகிறவருக்கு அது செலவுக் கணக்கு. விலை அதிகம் போகும் தோட்டத்துக்குக் கட்டுப்படியாகும்; சாதாரணத் தோட்டத்துக்கு யோசிக்க வேண்டும்.

இன்னொரு வழி எனக்கு முதலில் நம்பவே முடியவில்லை. குளிரில் வாடும் துளிர்மேல் தண்ணீர் தெளிப்பார்கள்! தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது கொஞ்சம் வெப்பத்தை வெளியே விடும். அந்த வெப்பத்தில், பனிக்கட்டிக்குள்ளே இருக்கும் துளிர் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே பிழைத்துக் கிடக்கும். ஆனால் தெளிப்பை நடுவில் நிறுத்தக் கூடாது. மோட்டார் நின்றால், தெளிக்காமல் விட்டதைவிட நிலைமை மோசமாகிவிடும். விடிந்து, வெயில் ஏறி, பனி உருகத் தொடங்கும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இத்தனை செய்தும் 2016-லும் 2021-லும் உறைபனி ஷாப்ளியைப் பலமாகத் தாக்கியது. தனியாக நிற்கும் விவசாயிக்கு அப்படி ஒரு வருடம் போனால் வாடிக்கையாளரும் போய்விடுவார். 300 குடும்பத்தின் நிலம் பல ஊர்களில், பல சரிவுகளில் சிதறிக் கிடக்கும்போது எல்லாமே ஒரே ராத்திரியில் கருகுவது அபூர்வம். நல்ல வருடத்தில் அனுமதித்த அளவுக்குமேல் கொஞ்சம் எடுத்து, கெட்ட வருடத்துக்கென்று சேமித்து வைக்கவும் இப்போது விதி இடம் கொடுக்கிறது. கடைக்காரர் கேட்கும்போது கொடுக்க ஏதாவது இருக்கும்.

மண்ணைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஒயின் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். சுமார் 15 கோடி வருடங்களுக்கு முன்பு அங்கே கடல் இருந்தது. சரிவில் ஒரு கல்லை எடுத்துப் பார்த்தால் குட்டிக் குட்டிச் சிப்பிகள் பதிந்திருக்கும். ஷாப்ளியைச் சிப்பியோடு சேர்த்துச் சாப்பிடுவது பிரெஞ்சுக்காரர்களின் வழக்கமும்கூட. ஒயினில் தெரியும் உப்புக்கரிப்பு அந்தக் கல்லிலிருந்து வருகிறது என்பார்கள். கல்லின் ருசி வேர் வழியாக ஏறிப் பழத்துக்கு வராது என்கிறார்கள் நிலவியல் அறிஞர்கள். நான் அறிஞர்கள் கட்சி.

இதில் விவசாயி விட்டுக்கொடுப்பது ஒன்று உண்டு. தன் பெயர். தனியாக ஒயின் செய்கிறவர் லேபிளில் அப்பன், பாட்டன் பெயரைப் போட்டுக்கொள்கிறார். சங்கத்தில் சாறு ஊற்றுகிறவருக்கு அது கிடையாது.

அங்கே உச்சத் தரமான ஏழு கிரான் க்ரூ தோட்டங்களில் மிகச் சிறியது கிரெனூய். 10 ஹெக்டேர்கூட இல்லை. அதில் பெரும்பகுதி இந்தச் சங்கத்தாரிடம்தான் இருக்கிறது. 'ஷாத்தோ கிரெனூய்' என்று அதற்குத் தனி பாட்டில். கிரெனூய் என்றால் தவளைகள். சரிவின் அடியிலேயே செரான் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் கத்திய தவளைகளால் வந்த பெயராம். அண்ணன் மகளிடம் இதைச் சொன்னேன்.

"தவளை பேர் போட்டிருக்காங்க, தோட்டக்காரர் பேர் போடலையா?" என்றாள்.