வென்றால் எடை கூடும்

குதிரைப் பந்தயத்தில் 'ஹாண்டிகேப்' என்றொரு ஏற்பாடு உண்டு. நன்றாக ஓடும் குதிரையின் முதுகில் அதிக எடை; சுமாராக ஓடும் குதிரைக்குக் குறைந்த எடை. ஜாக்கியின் எடை போதாவிட்டால் சேணத்தோடு ஈயத் தகடுகளைச் சேர்த்துச் சரிக்கட்டுவார்கள். எல்லாக் குதிரைகளும் ஒரே நொடியில் எல்லைக்கோட்டைத் தொட வேண்டும் என்பதுதான் எடை நிர்ணயிக்கும் அதிகாரியின் கனவு. அப்படி ஒருநாளும் நடப்பதில்லை. ஆனாலும் கணக்கு அதுதான். பணம் கட்டுகிறவர்களுக்கு இது சுவாரஸ்யம். குதிரையின் பக்கம் நின்று பார்த்தால் சங்கதி வேறு. இன்று ஜெயித்ததற்கு நாளை அபராதம்.

இந்த அபராதத்தைக் கட்டிக்கொண்டே ஓடிய குதிரைகளில் ரெட் ரம்மைப் போல் இன்னொன்று இல்லை. இங்கிலாந்தில் லிவர்பூலை ஒட்டிய எயின்ட்ரீ மைதானத்தில் ஆண்டுக்கொருமுறை நடக்கும் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை அது 1973, 1974, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளில் வென்றது. நடுவில் 1975லும் 1976லும் இரண்டாவதாக வந்தது. வேறெந்தக் குதிரையும் இந்தப் பந்தயத்தை மூன்று முறை வென்றதில்லை.

மும்பை மகாலட்சுமி மைதானத்தில் நாம் பார்ப்பது சமதள ஓட்டம். இரண்டு, இரண்டரை நிமிடத்தில் விவகாரம் முடிந்துவிடும். ஸ்டீபிள்சேஸ் வேறு ஜாதி. 18ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் ஒரு மாதாகோவில் கோபுரத்திலிருந்து தூரத்தில் தெரியும் இன்னொரு கோபுரத்தைக் குறிவைத்து, வழியில் வேலி, வாய்க்கால், கல் சுவர் எது வந்தாலும் தாண்டிக்கொண்டு குதிரையை விரட்டினார்கள். அந்த விளையாட்டு வளர்ந்ததுதான் இது. கிராண்ட் நேஷனலில் ரெட் ரம் ஓடிய காலத்தில் தூரம் ஏறத்தாழ நாலரை மைல், 30 தடைகள். 'பீச்சர்ஸ் புரூக்' என்ற ஓடையில் குதிரை எம்பும் இடத்தைவிட இறங்கும் இடம் பள்ளம். தரை இருக்கும் என்று நம்பிக் கால் நீட்டினால் அங்கே தரை இருக்காது. 'தி சேர்' என்ற தடையின் உயரம் 5 அடி 2 அங்குலம், அதற்கு முன்னால் 6 அடி அகலப் பள்ளம். புறப்படும் குதிரைகளில் பாதிகூட முடிக்காத வருடங்கள் உண்டு.

ரெட் ரம் இதற்காகப் பிறந்ததல்ல. 1965இல் அயர்லாந்தின் கில்கென்னி மாவட்டத்தில் பிறந்தது. தாயின் பெயர் மாரெட், தகப்பன் பெயர் குவோரம். இரண்டின் வாலையும் வெட்டி ஒட்டினால் ரெட் ரம். ஒரு வயதுக் குட்டியாக 400 கினிக்கு விலைபோனது. குறுகிய தூரத்தை மின்னல் வேகத்தில் ஓடவேண்டிய மலிவான பந்தயங்களில்தான் முதலில் இறக்கினார்கள். 1967 ஏப்ரலில் அது ஓடிய முதல் பந்தயமே எயின்ட்ரீயில்தான். ஆயிரம் மீட்டர் ஓட்டம், இன்னொரு குதிரையுடன் சேர்ந்து சமமாக முதலிடம். மறுநாள் அதே மைதானத்தில் நடந்த கிராண்ட் நேஷனலில் குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டி நிற்க, கடைசியில் தள்ளாடி வந்த ஃபாய்னவன் என்ற குதிரை சந்தில் புகுந்து ஜெயித்தது. அதன்மேல் பணம் கட்டியவர்களுக்கு ஒன்றுக்கு நூறு கிடைத்தது. அதெல்லாம் தனிக் கதை.

பிறகு ரெட் ரம் கைமாறிக் கைமாறித் தேய்ந்தது. 1972 ஆகஸ்டில் டான்காஸ்டர் ஏலத்தில் 6,000 கினிக்கு அதை வாங்கியவர் ஜிஞ்சர் மெக்கேன். பெரிய பயிற்சியாளர் இல்லை. சவுத்போர்ட் நகரில் பழைய கார் விற்றுக்கொண்டு, டாக்சி ஓட்டிக்கொண்டு, கார் கடைக்குப் பின்னால் நாலு குதிரைகளைக் கட்டி வைத்திருந்தவர். பணம் போட்டவர் நோயல் லு மேர். எண்பது வயது தாண்டிய பொறியாளர், மெக்கேனின் டாக்சியில் ஏறும் வாடிக்கையாளர். சாவதற்குள் கிராண்ட் நேஷனலை ஜெயித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. டாக்சியின் முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவே நடந்த பேச்சில் பிறந்த கூட்டு இது.

வாங்கி வந்த குதிரையை முதல் நாள் ஓடவிட்டுப் பார்த்தால் நொண்டுகிறது. குளம்புக்குள் இருக்கும் எலும்பில் அழற்சி. ஓடும் குதிரைக்கு இது பெரும்பாலும் தொழில் முடிந்தது என்று பொருள். மெக்கேனிடம் பச்சைப் புல்வெளி கிடையாது. சவுத்போர்ட் கடற்கரைதான் அவருடைய பயிற்சி மைதானம். ரெட் ரம்மைக் கடல் தண்ணீருக்குள் நடக்க விட்டார், ஈரமணலில் தினமும் ஓட விட்டார். நொண்டல் போய்விட்டது. வசதியான லாயத்துக்கு விலைபோயிருந்தால் அந்தக் குதிரைக்கு உப்புத்தண்ணீர் கிடைத்திருக்காது. ஏழ்மை வைத்தியம் பார்த்த அபூர்வமான வழக்கு இது.

1973 மார்ச் 31. மொத்தம் 38 குதிரைகள். ஆஸ்திரேலியாவில் பிறந்த கிரிஸ்ப் என்ற பிரம்மாண்டமான கறுப்புக் குதிரைக்கு 12 ஸ்டோன், அதாவது 76 கிலோ. ரெட் ரம்முக்கு 66 கிலோதான். கிரிஸ்ப் ஆரம்பத்திலிருந்தே தடைகளைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாண்டி ஆடுவதுபோல் தாண்டிக்கொண்டு போனது. இரண்டாம் சுற்று தொடங்கும்போது மற்ற குதிரைகள் வெகு பின்னால். ஜாக்கி ரிச்சர்ட் பிட்மனுக்குத் துணைக்கு ஆளே இல்லை. கடைசித் தடையைத் தாண்டியபோதும் ஏறத்தாழ 15 குதிரை நீளம் முன்னால். அதற்குப்பின் தடை எதுவும் இல்லை. சுமார் 450 மீட்டர் ஓடினால் போதும்.

அந்த 450 மீட்டரில் கிரிஸ்பின் கால்கள் கரைந்தன. பிட்மன் வலது கையில் சாட்டையை எடுக்க, குதிரை இடதுபக்கம் சாய்ந்தது. அந்த ஒரு செய்கைக்காகப் பிட்மன் பிற்காலத்தில் பகிரங்கமாகத் தன்னையே நொந்துகொண்டிருக்கிறார். பிரையன் ஃப்ளெட்சர் ஏறியிருந்த ரெட் ரம் எல்லைக்கோட்டுக்குச் சில கஜத்துக்கு முன்னால் கிரிஸ்பைத் தாண்டியது. வித்தியாசம் முக்கால் நீளம். எடுத்துக்கொண்ட நேரம் 9 நிமிடம் 1.9 நொடி. 1934இல் கோல்டன் மில்லர் வைத்த சாதனையைவிடப் பதினெட்டு நொடிக்கு மேல் குறைவு. இரண்டு குதிரைகளுமே பழைய சாதனையை முறியடித்திருந்தன. ஒன்றுக்கு மட்டும் கோப்பை.

ஜெயித்தது குதிரையா, பத்துக் கிலோவா? அந்த நவம்பரில் டான்காஸ்டரில் இரண்டும் மறுபடி மோதின, இம்முறை சம எடையில். கிரிஸ்ப் எட்டு நீளத்தில் வென்றது. முதல் வெற்றியைக் கணக்கதிகாரி கொடுத்த வெற்றி என்று சொல்பவர்களுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ரெட் ரம் 1973இல் நின்றுபோயிருந்தால் நானும் அந்தக் கட்சியில்தான் இருந்திருப்பேன்.

நிற்கவில்லை. 1974இல் கிரிஸ்பின் முதுகில் இருந்த அதே 76 கிலோ ரெட் ரம்மின் முதுகுக்கு மாறியது. அதைச் சுமந்துகொண்டு லெஸ்கார்கோ என்ற குதிரையை ஏழு நீளத்தில் தோற்கடித்தது. (பிரெஞ்சு மொழியில் அந்தப் பெயருக்கு நத்தை என்று அர்த்தம். செல்டனம் தங்கக் கோப்பையை இரண்டு முறை வென்ற நத்தை!) அதன்பின் இன்றுவரை 12 ஸ்டோன் சுமந்து கிராண்ட் நேஷனலை வென்ற குதிரை கிடையாது. அதே வருடம் ஸ்காட்லாந்தின் நேஷனலையும் வென்றது. 1975இல் மறுபடி 76 கிலோ, நத்தைக்கு ஐந்து கிலோ குறைவு, நத்தை ஜெயித்தது. 1976இல் தன்னைவிட ஐந்தரைக் கிலோ குறைவாகச் சுமந்த ராக் டிரேட் இரண்டு நீளத்தில் முந்தியது.

1977இல் ரெட் ரம்முக்கு வயது 12. தடை தாண்டும் குதிரைக்கு அது ஓய்வு வயது. ஜாக்கி டாமி ஸ்டாக். முன்னால் வெகுதூரம் போய்க்கொண்டிருந்த ஆண்டி பாண்டி பீச்சர்ஸ் புரூக்கில் விழ, ரெட் ரம் முன்னுக்கு வந்தது. அப்புறம் யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. 25 நீளத்தில் வெற்றி. இரண்டாவதாக வந்த சர்ச்டவுன் பாய் சுமந்தது ரெட் ரம்மைவிடப் பத்துக் கிலோ குறைவு. நான்கு வருடத்துக்கு முன்னால் கிரிஸ்ப் எந்தச் சலுகையைக் கொடுத்துத் தோற்றதோ, அநேகமாக அதே சலுகையைக் கொடுத்து ரெட் ரம் ஜெயித்தது. கடன் தீர்ந்தது என்று எனக்குப் படுகிறது. கிரிஸ்புக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை என்பது வேறு விஷயம். அந்தப் பந்தயத்தில்தான் முதல்முறையாக ஒரு பெண் ஜாக்கி, ஷார்லட் புரூ, கிராண்ட் நேஷனலில் ஓடினார். ரேச்சல் பிளாக்மோர் என்ற பெண் அதை வெல்ல 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஐந்து நேஷனல்கள், தலா 30 தடைகள், மொத்தம் 150 தாண்டல்கள். ஒன்றில்கூட ரெட் ரம் விழவில்லை. அதைவிட வேகமான குதிரைகள் இருந்தன என்பதை டான்காஸ்டர் காட்டிவிட்டது. ஆனால் முன்னால் விழுந்து கிடப்பவற்றைப் பார்த்து விலகி, கால் வைக்க இடம் தேடி இறங்கும் புத்தி எயின்ட்ரீயில் அதற்கு வேலை செய்ததுபோல் மற்றவற்றுக்குச் செய்யவில்லை.

அந்த மைதானமே அப்போது சாகக் கிடந்தது. 1973இல் நில வியாபாரி ஒருவர் கைக்குப் போனது. ஒவ்வொரு வருடமும் இதுதான் கடைசி நேஷனல் என்று பேச்சு. நுழைவுக் கட்டணம் ஏற, 1975இல் கூட்டம் பரிதாபமாகக் குறைந்தது. ஆனால் வீடுகளில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ரெட் ரம் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டிருந்தது. பொதுமக்களிடம் நிதி திரட்டி 1983இல் ஜாக்கி கிளப் மைதானத்தை வாங்கியபோது, அந்தப் பாசமும் சேர்ந்துதான் பணமாக மாறியது என்பதை மறுப்பவர்கள் குறைவு.

அப்படிக் காப்பாற்றப்பட்ட மைதானம் குதிரைகளைக் கொல்லவும் செய்தது. 1973இல் கிரிஸ்போடு ஆரம்பத்தில் முன்னணியில் ஓடிய கிரே சாம்ப்ரெரோ 'தி சேர்' தடையில் விழுந்து அடிபட்டு, பிழைக்கவில்லை. அந்தப் பந்தயத்தின் படத்தைப் பார்க்கிறவர்கள் கடைசி 450 மீட்டரைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். 1989இல் பீச்சர்ஸ் புரூக்கில் இரண்டு குதிரைகள் இறந்த பிறகு அந்தப் பள்ளத்தை மேடாக்கினார்கள். 2012இல் மேலும் இரண்டு இறந்த பிறகு தடைகளுக்குள் இருந்த மரக்கட்டைகளை எடுத்துவிட்டு, வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக்கை வைத்தார்கள். 2024 முதல் 34 குதிரைகளுக்கு மேல் அனுமதியில்லை. எதுவும் முன்கூட்டிச் செய்யப்படவில்லை; ஒவ்வொரு திருத்தத்துக்கும் விலை கொடுத்தது குதிரைதான். அதன் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை, கேட்கவும் வழியில்லை.

எடைத் தகராறும் ஓயவில்லை. 2018, 2019 இரண்டு வருடமும் நேஷனலை வென்ற டைகர் ரோல், ரெட் ரம்மின் மூன்றை எட்டிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 2020இல் கோவிட் வந்து பந்தயமே நின்றது. 2021இல் கொடுத்த எடை அதிகம் என்று உரிமையாளர்கள் கோபித்துக்கொண்டு குதிரையை விலக்கிக்கொண்டார்கள். அது அதே வாரம் அதே எயின்ட்ரீயில் வேறொரு பந்தயத்தில் ஓடியது.

ரெட் ரம்மின் ஆறாவது முயற்சி 1978இல் நடக்கவிருந்தது. முதல் நாள் காலில் மயிரிழை விரிசல் தெரியவந்து ஓய்வு கொடுத்தார்கள். அதற்குள் அது நட்சத்திரம். 1977இலேயே பிளாக்பூல் நகரத்து விளக்கு அலங்காரத்தைத் தொடங்கிவைத்திருந்தது! அதே வருடக் கடைசியில் பி.பி.சி. தன் விளையாட்டு விருது விழாவுக்கு அதை ஸ்டூடியோவுக்கே அழைத்தது. டாமி ஸ்டாக் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருந்ததால் அங்கிருந்தே பேசினார். கோட்டும் டையும் அணிந்த கூட்டத்துக்கு நடுவே சலனமில்லாமல் நின்றிருந்த குதிரை, ஸ்டாக்கின் குரல் கேட்டதும் காதுகளை நிமிர்த்தியது.

1995 அக்டோபர் 18ஆம் தேதி, 30ஆவது வயதில் ரெட் ரம் இறந்தது. எயின்ட்ரீயில் வெற்றிக்கம்பத்துக்கு அருகே, தலை அந்தக் கம்பத்தைப் பார்த்திருக்கும்படி புதைத்தார்கள்.