கரண்ட் தந்த ஊரின் கிணறுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கரண்ட் தந்த ஊர் சுன்னாகம். அதற்கு அடுத்த ஊர்க்காரன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். இணுவிலிலிருந்து காங்கேசன்துறை வீதியால் மருதனார்மடச் சந்தியைத் தாண்டினால் சுன்னாகம். 1950களின் இறுதியில் அங்கே டீசலில் ஓடும் மின்நிலையம் வந்தது. 1969இல் இலங்கை மின்சார சபை உருவானதும் மின்நிலையம் அதன் பொறுப்பாயிற்று. தெற்கில் நீர்கொழும்பு முதல் காலி வரை பல உள்ளூராட்சி சபைகள் தாங்களே மின் விநியோகம் நடத்தின. 1983இல் அமைந்த லெகோ கம்பனி அந்த விநியோகத்தைப் பொறுப்பேற்றது. எங்கள் பக்கம் லெகோவும் வரவில்லை.

1990இல் போர் மறுபடி மூண்டபின் கரண்ட் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்த பிள்ளைகள்தான் இன்று உலகமெங்கும் டொக்டராகவும் எஞ்சினியராகவும் இருக்கிறார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். செய்தி முடியும்வரை கை ஓயக்கூடாது. அப்படி வாழ்ந்த சனத்துக்குக் கரண்ட் திரும்பி வந்தபோது, அது எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அதைக் குற்றமாக நான் நினைக்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் அனுமதி கொடுத்த அதிகாரிகள்.

இந்த மண்ணுக்கு ஆறு கிடையாது. செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்; அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் நிற்கிற மழைத் தண்ணீர்தான் குடிக்க, குளிக்க, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்க. மேலே ஊற்றியது கீழே போகும், கீழே போனது பக்கத்து வளவுக்கும் போகும். சுன்னாகத்தில் வாளியைத் தூக்கினால் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் நிறம் காட்டியது. துலாவுக்கும் மோட்டருக்கும் பழகிய வீடுகள் பவுசர் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றன.

கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சுன்னாகத்தில் மின் உற்பத்தி செய்த நொதேர்ன் பவர் என்ற தனியார் கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பு பெரியதுதான். கிணற்றுக்குக் கிணறு பிரித்துப் பார்த்தால் தொகை சிறியது.

கலிபோர்னியாவின் சக்கரமெந்தோவில் மின் நிறுவனம் ஊர்ச்சனத்தின் சொத்து. 1989இல் தங்கள் ரான்சோ செக்கோ அணு உலையை மூடுவதா என்று வாக்கெடுத்தார்கள். மூடவேண்டும் என்றார்கள், மறுநாளே உலை நின்றது. சுன்னாகத்தாரிடமோ இணுவிலாரிடமோ அப்படி எவரும் எதையும் கேட்டதில்லை. மின்நிலையத்தை நிறுத்தக்கூட வேண்டாம், எண்ணெய்க் கழிவு எங்கே போகிறது என்று பார்க்கும் அதிகாரம் உள்ளூர்ச் சபைக்கு இருந்திருந்தால் போதும். பக்கத்து வளவுக்காரன் கண்ணுக்குத் தப்பிக் கழிவு ஊற்ற முடியாது.

இப்போது கிளிநொச்சி வழியாகத் தேசிய மின்வலை வந்துவிட்டது. கிணறுகள் அங்கேயேதான் இருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன்னும் பின்னும் சுன்னாகம் முதல் இணுவில் வரை கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து, முடிவைத் தமிழில் பிரதேச சபை வாசலில் ஒட்ட வேண்டும். மருதனார்மடத்தில் காணி வாங்கி வீடு கட்ட வருகிற இளம் குடும்பம், உறுதி எழுத முன்னம் அதை வாசித்துப் பார்க்கட்டும்.