நாமே பூட்டும் மடிக்கணினி

கற்பிட்டி முதல் சிலாபம் வரை உப்புக்காற்றில் கடை நடத்தும் நமக்கு, மடிக்கணினி பழுதானால் பெரும்பாலும் மதர்போர்ட்டையே மாற்ற வேண்டிவருகிறது. மாற்றுவழி உண்டு. 2014இல் சிங்கப்பூரில் நொவேனா மடிக்கணினிக்கு முன்பதிவு திரட்டிய அன்ட்ரூ ஹுவாங்கும் ஷோன் குரொஸும் அதன் சுற்று வரைபடங்களை எவரும் பார்க்கத் திறந்து வைத்தனர். பல்கேரியாவின் ஒலிமெக்ஸ் நிறுவனம் 2017இல், வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் டெரெஸ் மடிக்கணினியைக் கொண்டுவந்தது. உதிரிப்பாகங்களையும் தனித்தனியே விற்றது. ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கையளவுக் கணினிப் பலகையோடு திரை, பற்றரி, விசைப்பலகை சேர்த்தும் ஒன்று செய்யலாம்.

செலவு குறையும் என்று நான் சொல்லமாட்டேன். பாவித்த மடிக்கணினியே மலிவாகக் கிடைக்கும். ஆனால் இதில் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றலாம். லினக்ஸும் இலவசம். கையடக்கத் தொலைபேசி திருத்தும் நமதூர் இளைஞர்களிடம் ஒன்றைச் செய்யக் கொடுத்துப் பாருங்கள். திருத்துகூலியாவது ஊரிலேயே நிற்கும்.